போஸ்ட்கிரெஸ் இணைப்புக்கு இரண்டு பக்கமும் பூட்டு: டிஎல்எஸ், கிளையன்ட் சான்றிதழ் செய்முறை

தி.நகரில் தலைமைக் கடை. தாம்பரம், வேளச்சேரி, புரசைவாக்கத்தில் கிளைகள். அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஓடும் சர்வர். சென்னையில் இந்த அமைப்பில் ஓடும் துணிக்கடையும் மருந்துக்கடையும் பரிசோதனை லேபும் ஏராளம். கவுன்ட்டரில் அடிக்கும் ஒவ்வொரு பில்லும் வாடிக்கையாளரின் போன் நம்பரோடு பிராட்பேண்ட் லைன் ஏறி 5432 போர்ட்டுக்குப் போகிறது. நடுவில் கேபிள்காரர் வைத்த ரவுட்டர், கட்டடத்தின் பொது ஸ்விட்ச், யாரோ எப்போதோ செருகிவிட்டுப் போன வைஃபை பெட்டி என்று பல கைகள் உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி நம்பர் கொடுத்தவரின் விவரம் அது. அதைத் திறந்த அஞ்சலட்டையாக அனுப்பக் கூடாது.

இந்தக் கடையையே உதாரணமாக வைத்துக்கொண்டு, இணைப்பை மறையாக்கும் (என்கிரிப்ட் செய்யும்) டிஎல்எஸ்ஸையும், எதிரே இருப்பது யார் என்று இரண்டு பக்கமும் காட்டும் சான்றிதழ்களையும் போட்டுப் பார்ப்போம். டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்தான் எஸ்எஸ்எல். கிளையன்ட் என்பது சர்வரைக் கூப்பிடும் மெஷின், இங்கே பெரும்பாலும் கவுன்ட்டர். கமாண்டு, செட்டிங் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், அடிக்கோடு உட்பட அப்படியே அடியுங்கள். மறுபடி மறுபடி வரும் இரண்டு ஃபைல்கள் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்’, ‘பிஜி_எச்பிஏ.கான்ஃப்’. முதலாவது சர்வரின் பொது செட்டிங்குகள், இரண்டாவது யார் எங்கிருந்து எப்படி உள்ளே வரலாம் என்ற விதிகள்.

என்கிரிப்ஷன் மட்டும் இருந்தால் பாதி வேலைதான்

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் பேக்கேஜில் போஸ்ட்கிரெஸ் போட்டவர்களுக்கு ‘எஸ்எஸ்எல் = ஆன்’ ஏற்கெனவே இருக்கும். ‘ஸ்னேக்ஆயில்’ என்ற பெயரில் தானாக உருவான ஒரு சான்றிதழும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘நம்மிடம் எஸ்எஸ்எல் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்தச் சான்றிதழை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கிளையன்ட் பக்கம் ‘எஸ்எஸ்எல்மோட்’ என்ற ஒரு செட்டிங்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எதுவும் எழுதாவிட்டால் அது ‘ப்ரிஃபர்’. முதலில் டிஎல்எஸ் கேட்டுப் பார்க்கும். சர்வர் இல்லை என்றால் சத்தமில்லாமல் வெறும் இணைப்புக்கு இறங்கிவிடும். நடுவில் இருப்பவர் அந்த ‘இல்லை’யைத் தானே சொல்லிவிட்டால் போதும், எல்லாம் திறந்த புத்தகம்.

‘ரிக்வயர்’ அதைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். இணைப்பு மறையாக்கப்படும். ஆனால் எதிரே இருப்பது அம்பத்தூர் சர்வரா, நடுவில் உட்கார்ந்தவர் தானே தயாரித்த சான்றிதழா என்று பார்க்காது. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் யார் என்றே கேட்காத மாதிரி. இதில் ஒரு குழப்பமும் உண்டு: ரூட் சான்றிதழ் ஃபைல், அதாவது மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் சிஏ-வின் சொந்தச் சான்றிதழ், கிளையன்ட்டில் இருந்தால், பழைய பழக்கத்துக்காக ‘ரிக்வயர்’, அந்தக் கையெழுத்தை மட்டும் சரிபார்க்கும் ‘வெரிஃபை-சிஏ’ போல நடந்துகொள்ளும். அதனால் ஒரே செட்டிங் ஒரு மெஷினில் சரிபார்க்கும், இன்னொன்றில் சரிபார்க்காது. இதை நம்பி எதையும் கட்ட வேண்டாம். நாம் எழுத வேண்டியது ‘வெரிஃபை-ஃபுல்’ ஒன்றுதான். நாம் நம்பும் சிஏ கையெழுத்திட்டதா, சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட பெயரும் ஒன்றா என்று இரண்டையும் அது பார்க்கும்.

சான்றிதழ்கள் தயாரிப்பு

உள் உபயோகத்துக்குச் சொந்த சிஏ போதும். அதன் ரகசியச் சாவியை டேட்டாபேஸ் சர்வரில் வைக்கவே வைக்காதீர்கள். அது திருடு போனால், திருடியவர் எந்தக் கவுன்ட்டராகவும் வேடம் போடலாம். நெட்வொர்க்கில் இல்லாத ஒரு லேப்டாப்பில், சாவியும் சான்றிதழும் தயாரிக்கும் ஓபன்எஸ்எஸ்எல் கருவிக்கு ‘ஓபன்எஸ்எஸ்எல் ஜென்பிகீ’ கொடுத்து, இசி (எலிப்டிக் கர்வ்) வகையில் பி-256 கர்வில் சாவி எடுங்கள். ‘-ஏஇஎஸ்256’ சேர்த்தால் பாஸ்ஃப்ரேஸ் கேட்கும். சாவியின் பிரதி இரண்டு பென்டிரைவில், இரண்டு வேறு இடத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. ஒன்றாவது முதல் மாடிக்கு மேலே இருக்கட்டும்.

அந்தச் சாவியை வைத்து ‘ஓபன்எஸ்எஸ்எல் ரெக் -எக்ஸ்509’ மூலம் சிஏ சான்றிதழ், 3650 நாளுக்கு. ‘-டேஸ்’ போட மறந்தால் ஓபன்எஸ்எஸ்எல் 30 நாள்தான் தரும். இன்று எல்லாம் வேலை செய்யும், அடுத்த மாதம் ஒரு காலையில் எல்லாக் கிளையும் ஒன்றாகப் படுத்துவிடும்.

அடுத்து சர்வர் சான்றிதழ். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கிளையன்ட்கள் எந்தெந்தப் பெயரில் சர்வரைக் கூப்பிடுகின்றனவோ அத்தனையும் ‘சப்ஜெக்ட் ஆல்ட் நேம்’ பகுதியில் வர வேண்டும். ‘டிபி.கடை.இன்டர்னல்’ என்ற பொதுப் பெயர், ‘டிபி1’, ‘டிபி2’ என்ற தனிப் பெயர்கள், நாளை ஸ்டாண்ட்பை (பிரதி சர்வர்) பிரைமரியாக (முதன்மை சர்வராக) மாறினால் வரும் பெயர் என எல்லாமே. இந்தப் பகுதியில் ஒரு டிஎன்எஸ் பெயர் இருந்துவிட்டால், ‘காமன் நேம்’-இல் என்ன எழுதியிருந்தாலும் கிளையன்ட் அதைப் பார்க்காது.

சான்றிதழ் கோரிக்கை ஃபைலில், அதாவது சிஎஸ்ஆரில், இந்தப் பெயர்களைச் சரியாகவே எழுதியிருப்பீர்கள். ஆனால் ‘ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -ரெக்’ கையெழுத்திடும்போது சிஎஸ்ஆரில் உள்ள எக்ஸ்டென்ஷன்களைத் தானாகக் கொண்டுவராது. எச்சரிக்கையும் தராது. ‘-எக்ஸ்ட்ஃபைல்’ கொடுத்து தனி ஃபைலில் எழுத வேண்டும், ஓபன்எஸ்எஸ்எல் 3.0 முதல் ‘-காப்பி_எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற வழியும் இருக்கிறது. கையெழுத்தானதும் ‘ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -டெக்ஸ்ட் -நோஅவுட்’ போட்டு, பெயர்கள் உண்மையிலேயே உள்ளே வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இந்த ஒரு நிமிடம் பிறகு ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

அதே எக்ஸ்டென்ஷன் ஃபைலில் ‘எக்ஸ்டென்டட் கீ யூசேஜ்’ வரியும் போடுங்கள். சர்வருக்கு ‘சர்வர்ஆத்’, கவுன்ட்டருக்கு ‘கிளையன்ட்ஆத்’. சர்வருக்கு எடுத்த சான்றிதழைக் கவுன்ட்டரில் போட்டால், சான்றிதழின் பயன் பொருந்தவில்லை என்று ஓபன்எஸ்எஸ்எல் தள்ளிவிடும். அப்படித் தள்ளுவதுதான் நமக்கு நல்லது.

கிளையன்ட் சான்றிதழை மெஷினுக்கு ஒன்றாகக் கொடுங்கள். கிளைக்கு ஒன்று என்று போனால், ஒரு மெஷின் தொலைந்தால் அந்தக் கிளை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். தாம்பரத்தின் மூன்றாவது கவுன்ட்டருக்கு ‘டிபிஎம்_03’ என்று ‘காமன் நேம்’ வைத்தால், டேட்டாபேஸ் ரோலுக்கும் (உள்ளே நுழையும் யூசர் கணக்குக்கும்) அதே பெயர். உரிமைகளை எல்லாம் ‘பில்லிங்’ என்ற ஒரு குரூப் ரோலுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கவுன்ட்டர் ரோலையும் அதில் சேருங்கள். சாவி அந்தந்த மெஷினிலேயே பிறக்கட்டும், சிஎஸ்ஆர் மட்டும் உங்களிடம் வரட்டும். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது எத்தனை போனில், எத்தனை பேக்கப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சர்வர் பக்கம்

‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்’-இல் நான்கு வரி. ‘எஸ்எஸ்எல்’ ஆன். ‘எஸ்எஸ்எல்_செர்ட்_ஃபைல்’, ‘எஸ்எஸ்எல்_கீ_ஃபைல்’ இரண்டும் சர்வரின் சொந்தச் சான்றிதழும் சாவியும். ‘எஸ்எஸ்எல்_சிஏ_ஃபைல்’ என்பது கிளையன்ட்களைச் சோதிக்க சர்வர் வைத்துக்கொள்ளும் சிஏ. குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்பு போஸ்ட்கிரெஸ் 13 முதல் தானாகவே 1.2 ஆக இருக்கிறது. அதைவிடப் பழைய சர்வர் என்றால் பதிப்பை மேம்படுத்துவதை முதலில் பாருங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சிலேயே அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றுவிட்டன.

சாவி ஃபைல் ‘போஸ்ட்கிரெஸ்’ யூசருக்குச் சொந்தமானால் அனுமதி 0600. லினக்ஸின் ரூட் யூசருக்குச் சொந்தமானால் 0640 வரை போகலாம். அதற்கு மேல் தளர்ந்தால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. ரூட் சிஏ-வுக்கும் சர்வர் சான்றிதழுக்கும் நடுவில் இன்டர்மீடியட் சிஏ இருந்தால் சான்றிதழ் ஃபைலில் சர்வரின் சான்றிதழ் முதலில், இன்டர்மீடியட் அதற்குக் கீழே. தலைகீழாக ஒட்டினால் ‘கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்’ என்று வரும். சாவி தவறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், வரிசைதான் தவறு.

போஸ்ட்கிரெஸ் 10 முதல் இந்த மாற்றங்களுக்கு ரீஸ்டார்ட் தேவையில்லை, ரீலோட் போதும். ரீலோடில் பிழை வந்தால் சர்வர் லாக்கில் எழுதிவிட்டுப் பழைய செட்டிங்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ரீலோட் செய்த கையோடு லாக்கைத் திறந்து பாருங்கள். பார்க்காமல் விட்ட பிழை, என்றோ ஒரு நாள் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது, பெரும்பாலும் நடுராத்திரியில், சர்வரை எழவிடாமல் செய்யும்.

பிஜி_எச்பிஏ: வரிசைதான் எல்லாம்

இந்த ஃபைலை சர்வர் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்திய முதல் வரியே தீர்ப்பு. அதில் தோற்றால் அடுத்த வரிக்கு இறங்காது. ஆனால் பொருந்தாத வரியைத் தாண்டிப் போகும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கீழே உள்ள தவறு புரியும்.

ஹோஸ்ட்எஸ்எஸ்எல் பில்லிங்டிபி +பில்லிங் 10.20.0.0/16 ஸ்கிராம்-ஷா-256 கிளையன்ட்செர்ட்=வெரிஃபை-ஃபுல்
ஹோஸ்ட் ஆல் ஆல் 10.0.0.0/8 ஸ்கிராம்-ஷா-256

ஒவ்வொரு வரியும் இணைப்பு வகை, டேட்டாபேஸ், ரோல் (‘+’ போட்டால் அந்தக் குரூப்பில் உள்ளவர்கள்), ஐபி வரம்பு, சோதிக்கும் முறை என்ற வரிசையில் போகிறது. ‘ஸ்கிராம்-ஷா-256’ பாஸ்வேர்டு கேட்கும் முறை. முதல் வரி கச்சிதம். ஆனால் வெறும் இணைப்பில் ஒருவர் வந்தால் ‘ஹோஸ்ட்எஸ்எஸ்எல்’ அவருக்குப் பொருந்தாது, கீழே இறங்குவார். அங்கே பழைய ‘ஹோஸ்ட்’ வரி கதவைத் திறந்துவிடும், ஏனென்றால் ‘ஹோஸ்ட்’ டிஎல்எஸ் உள்ளதையும் இல்லாததையும் ஏற்கும். மேலே புதுப் பூட்டு, பின்கதவு திறந்தபடி. மாற்றம் முடிந்த நாளில் அந்த இரண்டாவது வரியை நீக்கியே ஆக வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் சர்வர் தானாகவே மறுத்துவிடும்.

மேலே உள்ள வரி பாஸ்வேர்டையும் சான்றிதழையும் இரண்டையும் கேட்கிறது, ‘காமன் நேம்’ ரோல் பெயரோடு அச்சாகப் பொருந்தவும் வேண்டும். அதில் ‘ஸ்கிராம்-ஷா-256’-க்குப் பதில் ‘செர்ட்’ என்று போட்டால் பாஸ்வேர்டே வேண்டாம், சான்றிதழ் போதும். ஆள் உட்காராத பேட்ச் ஜாப்களுக்கு அது வசதி. ரோல் பெயரும் ‘காமன் நேம்’-உம் வேறாக இருக்க வேண்டுமென்றால் ‘மேப்’ எழுதி, பிஜி_ஐடென்ட் ஃபைலில் ஜோடி சேர்க்கலாம். ஆனால் ‘மேப்’ ‘செர்ட்’ வரியில் செல்லும், ஸ்கிராம் வரியில் செல்லாது. ‘கிளையன்ட்செர்ட்=வெரிஃபை-ஃபுல்’ போஸ்ட்கிரெஸ் 12 முதல்தான்.

ஃபைலைத் திருத்தியதும் ‘பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்’ வியூவை செலக்ட் செய்து ‘எர்ரர்’ நெடுவரிசை காலியா என்று பாருங்கள். ரீலோட் செய்யும் முன்பே பிழை தெரிந்துவிடும்.

ஸ்டாண்ட்பையை மறக்காதீர்கள். டேட்டாபேஸ் இடத்தில் ‘ஆல்’ என்று எழுதினால் அதில் ரெப்ளிகேஷன் (ஸ்டாண்ட்பைக்குத் தரவைப் பிரதியெடுக்கும் இணைப்பு) அடங்காது, ‘ரெப்ளிகேஷன்’ என்று தனி வரி வேண்டும். ஸ்டாண்ட்பையின் ‘பிரைமரி_கான்இன்ஃபோ’-விலும் ‘எஸ்எஸ்எல்மோட்=வெரிஃபை-ஃபுல்’ எழுத வேண்டும். கவுன்ட்டர்களை எல்லாம் பூட்டிவிட்டு, மொத்த டேட்டாபேஸையும் சுமந்து போகும் அந்த ஒரே இணைப்பைத் திறந்துவிட்டிருக்கும் அமைப்புகள் உண்டு. இரவு பேக்கப் ஸ்கிரிப்டும் அப்படித்தான்.

எந்த வரிசையில் மாற்றுவது

ஒரே நாளில் எல்லாம் செய்ய ஆசைப்படாதீர்கள். சர்வரில் புதுச் சான்றிதழோடு டிஎல்எஸ்ஸை ஆன் செய்து, ‘ஹோஸ்ட்’ வரிகளைத் தொடாமல் ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் ‘பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல்’, ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’ இரண்டையும் ‘பிஐடி’ நெடுவரிசையால் ஜாயின் செய்து, ‘எஸ்எஸ்எல்’ ஃபால்ஸ் என்று வரும் வரிசைகளைப் பகலிலும் இரவிலும் எடுங்கள். எல்லோருமே மறந்துபோன ஒரு ரிப்போர்ட் சர்வரோ, கணக்குப்பிள்ளையின் மெஷினில் உள்ள பழைய ஓடிபிசி டிரைவரோ (டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்) அப்போதுதான் தலைகாட்டும். அதன் பிறகு கிளையன்ட்களை வெரிஃபை-ஃபுல்லுக்கு மாற்றுங்கள். அடுத்து கிளையன்ட் சான்றிதழ்கள், ஒரு கிளை முடிந்ததும் அடுத்த கிளை. ‘ஹோஸ்ட்’ வரியை நீக்குவது கடைசியில்.

கவுன்ட்டர் மெஷினில்

லினக்ஸ் என்றால் ஹோம் ஃபோல்டரில் ‘.போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்ற ஃபோல்டர், விண்டோஸ் என்றால் ‘ஆப்டேட்டா’-வுக்குள் புள்ளி இல்லாமல் அதே பெயர். அதற்குள் ‘ரூட்.சிஆர்டி’, ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சிஆர்டி’, ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கீ’ என்று மூன்று ஃபைல். லினக்ஸில் சாவிக்கு 0600 வேண்டும், இல்லாவிட்டால் கிளையன்ட்டே மறுக்கும். விண்டோஸில் இந்தச் சோதனை நடப்பதில்லை, அனுமதியை நீங்கள்தான் இறுக்க வேண்டும். ஜாவாவில் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர் என்றால் சாவியை ‘பிகேசிஎஸ்8’ டெர் வடிவத்துக்கு மாற்றி ‘.பிகே8’ என்று வையுங்கள். வழக்கமான பெம் (எழுத்து வடிவ) சாவியைக் கொடுத்தால் பழைய ஜாவா டிரைவர்கள் படிக்கத் திணறும். சாஃப்ட்வேர் கொடுத்தவர் ‘நான்வேலிடேட்டிங் ஃபேக்டரி’ போட்டுவிட்டால் வேலை செய்யும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வரி சரிபார்ப்பை மொத்தமாகத் தூக்கிவிடும்.

பெயரில் கூப்பிடாமல் ஐபி நம்பரில் கூப்பிட்டால் பெயர் பொருந்தவில்லை என்று வெரிஃபை-ஃபுல் மறுக்கும். கிளையில் பெயரை ஐபி நம்பராக மாற்றித் தரும் உள் டிஎன்எஸ் இல்லையென்றால் ‘ஹோஸ்ட்’, ‘ஹோஸ்ட்ஆடர்’ இரண்டையும் கொடுங்கள். முதலாவது சான்றிதழோடு ஒப்பிட, இரண்டாவது இணைக்க. இதைத் தெரியாமல்தான் பலர் அலுத்துப்போய் ‘ரிக்வயர்’-க்கு இறங்குகிறார்கள்.

எதிர்பாராத இடத்திலிருந்து வரும் இன்னொரு பிழை: காலையில் ஒரே ஒரு கவுன்ட்டர் மட்டும் ‘சர்ட்டிஃபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்’ என்று நிற்கும். ராத்திரி கரன்ட் போயிருக்கும், மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடியிருக்கும். அந்த மெஷினின் கணக்கில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சிஆர்2032 பேட்டரியை மாற்றி, நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து என்டிபி வழியாக எடுக்கும்படி வையுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு, கடிகாரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. ‘லாக்_கனெக்‌ஷன்ஸ்’ ஆன் செய்துவிட்டால், எந்த இணைப்பு எந்த டிஎல்எஸ் பதிப்பில் வந்தது என்பதும் அந்த லாக்கில் இருக்கும்.

காலாவதி

நடைமுறையில் இந்த அமைப்பைப் படுக்கவைப்பது தாக்குதலைவிடக் காலாவதிதான். சர்வருக்கும் கவுன்ட்டருக்கும் 365 நாள் கொடுத்து, 30 நாள் மீதி இருக்கும்போதே புதுப்பிப்பது சரியான அளவு. ‘ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -செக்எண்ட் 2592000’ என்பது 30 நாளை நொடியில் சொன்னது. அதற்குள் காலாவதி ஆகும் என்றால் எக்ஸிட் கோடு 1 வரும். தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓட்டி, 1 வந்தால் மெயில் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாக் கவுன்ட்டருக்கும் ஒரே நாளில் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் ஒரே நாளில் முடியும், கிளைவாரியாகத் தள்ளித் தள்ளி எடுங்கள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய வாரமும் கணக்கில் இருக்கட்டும்.

சான்றிதழில் அச்சாகும் நேரம் ஜிஎம்டி. 5:30 கூட்டிப் பாருங்கள். ‘04:30 ஜிஎம்டி’ என்று முடிந்தால் அது சென்னையில் காலை 10 மணி, ஷட்டர் தூக்கும் நேரம்.

ஃபைலைப் புதிதாக மாற்றிவிட்டு ரீலோட் செய்ய மறந்தால், சர்வர் மெமரியில் உள்ள பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். ஃபைலைப் பார்த்துச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். ஆகவே வெளியிலிருந்து ‘ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -ஸ்டார்ட்டிஎல்எஸ் போஸ்ட்கிரெஸ் -கனெக்ட்’ கொடுத்து, சர்வர் உண்மையில் நீட்டுவதைப் பாருங்கள்.

சான்றிதழைச் சரிபார்ப்பது இணைப்பு தொடங்கும்போது மட்டுமே. காலாவதி ஆன பிறகும் ஏற்கெனவே திறந்த இணைப்புகள் ஓடும், புதிதாக வருபவை மட்டும் தோற்கும். பாதிக் கவுன்ட்டர் வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை என்று போன் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

மெஷின் திருடு போனால்

முதலில் ‘ஆல்டர் ரோல் டிபிஎம்_03 நோலாகின்’. அடுத்து அந்த ரோலின் திறந்த இணைப்புகளை ‘பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்’ மூலம் வெட்டுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால், திறந்திருக்கும் இணைப்பு அப்படியே தொடரும். மெஷினுக்கு ஒரு ரோல் வைத்ததன் பலன் இங்கே தெரியும். மற்ற கவுன்ட்டர்களைத் தொடவே வேண்டாம். ரத்தான சான்றிதழ்களின் பட்டியலை ‘எஸ்எஸ்எல்_சிஆர்எல்_ஃபைல்’ வழியாகவும் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலுக்கும் காலாவதித் தேதி உண்டு. அது தாண்டினால் எல்லாக் கிளையன்ட் சான்றிதழும் மறுக்கப்படும். பட்டியலைத் தவறாமல் புதுப்பிக்க ஆள் இல்லாத இடத்தில் ‘நோலாகின்’ வழியே நம்பகமானது.

நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் இருந்தால் கவுன்ட்டரின் சான்றிதழ் அதுவரைதான் போகும், போஸ்ட்கிரெஸைத் தொடாது. ‘கிளையன்ட்_டிஎல்எஸ்_எஸ்எஸ்எல்மோட்’, ‘சர்வர்_டிஎல்எஸ்_எஸ்எஸ்எல்மோட்’ இரண்டையும் தனித்தனியே வெரிஃபை-ஃபுல்லாக்கி, பிஜிபவுன்சருக்கென்று ஒரு சான்றிதழ் கொடுங்கள். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் சர்வரில் ‘ரிக்வயர்_செக்யூர்_டிரான்ஸ்போர்ட்’ ஆன், யூசருக்கு ‘ரிக்வயர் சப்ஜெக்ட்’, கிளையன்ட்டில் ‘வெரிஃபை_ஐடென்டிட்டி’; மற்ற சிந்தனை எல்லாம் இதேதான். அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற கிளவுட் சேவையில் சர்வர் சான்றிதழை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் ரூட் மாறும்போது கிளையன்ட் பக்கம் நம் வேலை. ஆர்டிஎஸ்ஸின் 2019 ரூட் 2024 ஆகஸ்ட் 22 அன்று முடிந்தது.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனையைக் கிரானில் போட்டு வையுங்கள்: ஏதாவது ஒரு கிளையிலிருந்து ‘எஸ்எஸ்எல்மோட்=டிசேபிள்’ கொடுத்து வாரம் ஒரு முறை இணைய முயல வேண்டும். தோற்றால் எல்லாம் சரி. உள்ளே போய்விட்டால், அவசரத்தில் யாரோ பிஜி_எச்பிஏ-வில் ஒரு ‘ஹோஸ்ட்’ வரியைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.